இடப்பக்கம் திரும்பிய கம்பி

குளிர்பெட்டியின் கண்ணாடி மறுபடியும் வியர்த்துவிட்டது. உள்ளே படுத்திருப்பவரின் முகம் சரியாகத் தெரியவில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் குறை. மருமகள் கையிலிருந்த துண்டால் அவசரமாகத் துடைத்தாள். துண்டின் பிசிறு கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா, நல்ல துணியா ஒண்ணு கொண்டாயேன். மனுஷனுக்குப் புதுசா தாடி முளைச்ச மாதிரி இருக்கு," என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

இந்த அம்மாள் காலையிலிருந்து தலைமாட்டு நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். யார் அழுகிறார்கள், யார் மூக்கை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கைபேசியைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்துதான் துல்லியமாகத் தெரியும். மருமகள் இதுவரை அழவில்லை என்பதையும் அம்மாள் கவனித்து, பக்கத்து நாற்காலிக்கும் கண்ணாலேயே தெரிவித்தாகிவிட்டது.

பிசிறு விடாத துணி வீட்டில் எங்கே இருக்கிறது என்று மருமகளுக்குத் தெரியும். பின்னறையில், மேசையின் இடது இழுப்பறையில், சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கி வைத்திருக்கிறது. வெட்டியவளே அவள்தான். அது வேறு யாருக்கும் தெரியாது என்பதால், போகிற போக்கில் ஞாபகம் வந்தவள் மாதிரி மெதுவாக எழுந்து போனாள்.

பெட்டிக்குள் இருப்பவருக்குத் தெருவில் ஈயக்காரர் என்று பெயர். ஊர் எல்லையிலிருக்கும் துப்பாக்கி கிளப்பில் மாஸ்டர் என்று பெயர். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஈயக் குண்டு சுடச் சுட, துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டே போகும். அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே விட்டால் குண்டு நேராகப் போகாது. போட்டிக்குப் போனவர் பக்கத்து ஆளின் குறி அட்டையில் ஓட்டை போட்டுவிட்டு வருவார். குழலில் கீறல் விழாமல் அந்த ஈயத்தை எடுப்பதும், அது மறுபடி சீக்கிரம் ஒட்டாதபடி எண்ணெய் காட்டி வைப்பதும் அவர் தொழில். இது புரியாமல் ஆரம்பத்தில் தெருப்பெண்கள் பழைய பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். "நான் ஈயம் பூசுறவன் இல்லம்மா, ஈயம் எடுக்கறவன்," என்று கதவைச் சாத்திவிடுவார். பூசத் தெரியாதவருக்கு எடுக்க மட்டும் எப்படித் தெரியும் என்று எதிர்வீட்டு அம்மாளுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. அது அப்படிக் கிடக்கிற கதவல்ல. உள்ளே எண்ணெய் வாடை. சுவரில் நீளநீளமான துடைப்புக் கம்பிகள் தொங்கின. மேசைமேல் இரும்புப் பிடி வாயைத் திறந்தபடி இருந்தது. நேற்று மாலை அதன் வாயில் ஒரு துப்பாக்கி இருந்தது. இப்போது இல்லை. சுவரோரத்து இரும்பு அலமாரியும் காலி.

தரையில் ஒரு சிவப்புத் துணிப்பட்டை கிடந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

மருமகள் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். துணி எடுக்க வந்ததை மறந்து, வந்த வழியே பாதி தூரம் போய், மறுபடி திரும்பி வந்து துணியை எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவன் வாசலில், நாற்காலி கொண்டுவந்த ஆளிடம் இன்னும் பத்து நாற்காலி வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வரி அலுவலகத்தில் வேலை. எந்த விஷயத்தையும் முடிவு செய்வதற்கு முன்னால், அதனால் தனக்கு என்ன கெடுதல் வரும் என்று ஒருமுறை பார்த்துவிடுவது அவன் சுபாவம். அலுவலகத்தில் இதற்கு நல்ல பெயர் இருக்கிறது.

"என்னங்க, கொஞ்சம் இப்படி வாங்க."

"சொல்லு."

"பின்னறையில இருந்த துப்பாக்கியெல்லாம் எங்க?"

"கிளப் வேன் வந்துச்சு. ஏத்தி அனுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "நீ அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டு இருந்தே, அப்ப. அதெல்லாம் வீட்ல வெச்சுக்க அப்பா பேர்லதான் அனுமதி. அப்பாவே இல்லன்னா? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நாந்தான் உள்ள போகணும். சாவு வீட்ல போலீஸ் வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

"அதுல ஒண்ணுல சிவப்புத் துணி கட்டியிருந்துச்சே."

"ஆமா, எண்ணெய்ப் பிசுக்கா ஒரு கந்தல். அவிழவே இல்ல. அறுத்துப் போட்டுட்டு, எல்லாத்தையும் வெளிப்பக்கம் நல்லா பளபளன்னு துடைச்சுத்தான் குடுத்தேன். கடைசியா அனுப்பறது, அப்பா பேரு கெடக்கூடாதில்ல?"

பிறந்ததிலிருந்து அப்பாவின் பின்னறைக்குள் கால் வைக்காத மகன், அப்பாவின் வேலையை வாழ்க்கையில் முதல்முறையாக இன்று காலைதான் செய்திருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சிவப்புத் துணி கட்டிய துப்பாக்கியைத் தொடக்கூடாது. வேலை முடியவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டில் இந்த அர்த்தம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பெட்டிக்குள் இருந்தார்.

சரி, கிளப்பில் கொண்டுபோய்ப் பூட்டித்தானே வைக்கப் போகிறார்கள் என்று மருமகள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்றைக்கு யார் சுடப் போகிறார்கள்? நாளையோ மறுநாளோ ஏதாவது சாக்குச் சொல்லி அதை மட்டும் திருப்பி வாங்கிவிடலாம். உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்தாள். பெரியவரின் முகம் தெளிந்தது. நேற்று மாலை எப்படி உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து போனாரோ, அதே உதடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஈயம் உள்ளே போயிருக்கிறது, இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றார். அவர் டாக்டரை விட்டார். கிளப்பில் யாருக்கும் சொல்லவில்லை. கை நடுங்குகிறவனிடம் யாராவது குழலைக் கொடுப்பார்களா? ஒருநாள் மத்தியானம், "இந்தக் கம்பியக் கொஞ்சம் பிடி," என்று மருமகளைக் கூப்பிட்டார். அந்தக் கொஞ்சம் இரண்டு வருஷமாக முடியவில்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அவள் தள்ளுவாள். சொல்லிக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. திட்டினார். திட்டாத இடம் சரியான இடம் என்று அவள் கண்டுபிடித்துக்கொண்டாள்.

பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிநாரைப் பிய்த்து, தேய்ந்த பிரஷ்ஷின் மேல் சுற்றி, குழலுக்குள் விட்டால் ஈயம் வெள்ளிச் செதிலாக உரிந்து வரும். ஆனால் நார் அசல் செம்பாக இருக்க வேண்டும். இரும்புக்குச் செம்பு முலாம் பூசியதாக இருந்தால் குழல் கீறிப் போகும். அதனால் மருமகள் கடைக்குக் காந்தத்தோடு போவாள். ஒவ்வொரு நாரிலும் காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குகிற பெண்ணைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்று பார்ப்பார். வீட்டில் மாமியாரோ, வாங்கிவைத்த நார் எல்லாம் எங்கே போகிறது, எலி தின்கிறதா என்று வாரம் ஒருமுறை கேட்பாள். மத்தியான நேரத்தில் சாத்தியிருக்கும் அந்தப் பின்னறைக் கதவைப் பற்றித் தெருவில் இரண்டு கட்சி இருந்தது. பெரியவர் ரகசியமாக மருந்து காய்ச்சுகிறார் என்று ஒன்று. கள்ளநோட்டு என்று இன்னொன்று. எதிர்வீட்டு அம்மாள் இரண்டாவது கட்சிக்குத் தலைவி.

நேற்று மாலை பிடியில் இருந்தது சிட்டுவின் துப்பாக்கி. சிட்டு கல்லூரியில் படிக்கிற பெண். கிளப்பிலேயே குறி தப்பாதவள் என்று பெயர். ஆள் ஒல்லி. இந்த வீட்டுக்கு வந்தால் மருமகளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் போவாள். கொஞ்ச நாளாகக் குண்டு மேலேயும் கீழேயும் அலைகிறது என்று கொண்டுவந்து கொடுத்திருந்தாள். தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஈயம் வளையம் கட்டியிருந்தது.

கம்பியைக் குழலுக்குள் திருப்பினால் வலதுபக்கம் மட்டும்தான் திருப்ப வேண்டும். இடதுபக்கம் திருப்பினால் முனையில் இருக்கும் பிரஷ் திருகு கழன்றுவிடும். இது மருமகளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் கம்பி பாதிக் குழலில் இருந்தபோது பெரியவர் இருமினார். சாதாரண இருமல் இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அவள் திரும்பிப் பார்த்தாள். உடம்போடு கையும் திரும்பியது. கம்பி லேசானது. வெளியே இழுத்தால் மொட்டையாக வந்தது. செம்பு சுற்றிய பிரஷ் நடுக்குழலில் இறுகி நின்றுவிட்டது.

"கையா அது, அகப்பையா?" என்றார் அவர்.

"நீங்க இருமினீங்கன்னு..."

"நான் செத்தாலும் கம்பியில கண்ணு இருக்கணும். உன்ன நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் எதிர்ப்பக்கமிருந்து வேறு கம்பியால் தட்டப் பார்த்தாள். அவர் கையை நீட்டி நிறுத்தினார். அந்தக் கை அப்போது ரொம்பவே ஆடியது. "விடு. இன்னும் இறுகிடும். எண்ணெய் விட்டுத் துணியக் கட்டு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில எடுத்துக்கலாம்."

பிறகு அவளோடு பேசவில்லை. பசியில்லை என்று படுத்தார். காலையில் மாமியார் எழுப்பப் போனபோது எழவில்லை. சாவுக்குக் கோபம் காரணமா, கோபத்துக்கு அவள் கை காரணமா என்று விடிந்ததிலிருந்து மருமகள் மனசுக்குள் அதே கம்பியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். அழுகை எங்கேயோ பாதிவழியில் நின்றுவிட்டது.

கிளப் செகரட்டரி வந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. சட்டைப்பையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு கைபேசி. கூடவே மீசை வைத்த உறுப்பினர் ஒருவரும், ஆள் உயரத்துக்கு மலர்வளையமும். செகரட்டரி பெட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகு மகனின் தோளில் கை போட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினார்.

"தம்பி, எங்க மரியாதைய நாங்க செய்யணும். வண்டி நம்ம கிளப் வாசலத் தாண்டும்போது மூணு ரவுண்டு சுடறோம். அதுவும் எதுல தெரியுமா? மாஸ்டர் கை கடைசியா பட்ட துப்பாக்கியில. காலையில நீங்க அனுப்பினீங்களே சிட்டுவோடது, அதுல. சிட்டு அழுதுட்டே கேட்டுச்சு, நாந்தான் சுடுவேன்னு. இப்பவே ரேஞ்சுல போய் நிக்குது பொண்ணு."

மகன் நெகிழ்ந்து போனான். எதிர்வீட்டு அம்மாள், "கவர்மெண்டு மரியாதை மாதிரி," என்று பக்கத்து நாற்காலிக்கு விளக்கினாள்.

மருமகளின் கை கண்ணாடிமேல் நின்றது. தோட்டா உள்ளே போகும். அதற்குத் தடையில்லை. வெடித்துப் புறப்படுகிற குண்டு நடுக்குழலில் செம்புப் பிரஷ்ஷில் போய் முட்டும். பின்னாலிருந்து தள்ளுகிற வேகத்துக்கு வழியில்லை. குழல் வீங்கும், இல்லாவிட்டால் பிளக்கும். சுடுகிறவர் கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டி, கண்ணைக் குழலுக்கு நேராக வைத்துத்தான் சுட வேண்டும்.

வேறு யாரிடமிருந்து வந்த துப்பாக்கியானாலும் சிட்டு ஒருமுறை குழலுக்குள் எட்டிப் பார்ப்பாள். எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் மாஸ்டரிடமிருந்து வந்ததை அந்தக் கிளப்பில் யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க, பெரியவர் துப்பாக்கியைக் கையிலிருந்து பிடுங்கி, "நம்பிக்கை இல்லாத இடத்துல எனக்கு வேலை இல்ல," என்று வீட்டுக்கு வந்துவிட்டார். செகரட்டரியே வந்து கூட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து அது கிளப்பில் எழுதாத சட்டம்.

மருமகள் சமையலறைக்குப் போய் சிட்டுவின் எண்ணைப் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. சுடுகிற இடமான ரேஞ்சுக்குள் கைபேசி கூடாது. கணவனைச் சாடை காட்டிக் கூப்பிட்டாள்.

"அந்தத் துப்பாக்கியச் சுடக்கூடாதுங்க. உள்ள பிரஷ் மாட்டியிருக்கு. சுட்டா குழல் வெடிச்சிரும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்து நான் துடைக்கும்போது..."

"நீ துடைச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். வரி அலுவலக மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. அது போட்டு முடிப்பதை அவள் அவன் முகத்தில் பார்த்தாள்.

"இங்க பாரு. அத்தனை பேரும் அப்பா கையப் பத்திப் பேசிட்டு இருக்காங்க. அவர் பொணம் வீட்ட விட்டுப் போகல. இப்பப் போய், அவர் ஒண்ணும் பண்ணல, எல்லாம் நாந்தான் பண்ணேன்னு சொல்லப் போறியா? இத்தனை வருஷம் எடுத்த பேரு."

"அந்தப் பொண்ணு முகம் போயிடும்."

"சுடறதுக்கு முன்னாடி பார்க்க மாட்டாங்களா? அதெல்லாம் ஆயிரம் தடவ பார்ப்பாங்க."

"பார்க்க மாட்டாங்க. மாமா அனுப்பினத யாரும் பார்க்க மாட்டாங்க."

"அப்ப நான் போய் மெதுவா, அப்பா ஏதோ மறந்துட்டாராம்னு..." என்று ஆரம்பித்தவன், அதுவும் அப்பாவுக்குக் கெடுதல்தான் என்று பாதியில் கண்டுபிடித்து நின்றான். "ஒரு அஞ்சு நிமிஷம் இரு. யோசிக்கிறேன்."

அவன் யோசிக்க ஆரம்பித்தால் எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்குத் தெரியும். கூடத்துக்கு வந்தாள். செகரட்டரி நாற்காலியில் உட்கார்ந்து, உறவுக்காரர் ஒருவருக்குப் பழைய போட்டி ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தார். கையில் மடித்த காகிதம், இரங்கல் உரை.

"சார்."

"சொல்லும்மா. தைரியமா இரு."

"சிட்டுகிட்ட இருக்கற துப்பாக்கியச் சுட வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. குழலுக்குள்ள பிரஷ் நிக்குது."

செகரட்டரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். சாவு வீட்டில் பெண்கள் ஏதாவது பிதற்றுவார்கள் என்று அவர் நினைப்பது அவர் தலையசைப்பிலேயே தெரிந்தது. "மாஸ்டர் அனுப்பின துப்பாக்கியிலயா? அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காதும்மா. மாஸ்டர் கையப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ போய் அம்மாவப் பாரு."

"அது மாமா துடைச்சது இல்ல சார். நான் துடைச்சது."

சொன்ன குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. கூடத்தில் மூக்கு உறிஞ்சுவது நின்றது.

"நீயா? நேத்து மட்டுமா?"

இங்கே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால், நேற்று ஒருநாள் ஏதோ கை வைத்தேன் என்று சொன்னால், தெரியாத பெண் ஏதோ உளறுகிறாள், மாஸ்டர் அதைச் சரிசெய்யாமலா விட்டிருப்பார் என்று இவர் மறுபடியும் தலையசைப்பார். அந்த நேரத்துக்குள் சிட்டு ஒத்திகைக்கென்று படுத்துக் குறி பார்த்துவிடுவாள்.

"ரெண்டு வருஷமா நாந்தான் சார். மாமாவுக்குக் கை நடுங்கும். கம்பி பிடிக்க முடியாது. அவர் உட்கார்ந்து பார்ப்பார், நான் செய்வேன். நேத்து கம்பிய இடப்பக்கம் திருப்பிட்டேன். பிரஷ் கழண்டுடுச்சு. எண்ணெய்ல ஊறப்போட்டு வெச்சிருந்தோம். அத எடுக்கறதுக்குள்ள..."

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

செகரட்டரிக்கு இப்போது புரிந்துவிட்டது. இடப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பது கம்பி பிடித்தவளுக்குத்தான் தெரியும். ஒரு கைபேசியில் ரேஞ்ச் அலுவலகத்தைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்ததில் வாசல் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவசரத்தில் விரல் எங்கே பட்டதோ, ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வாட்ச்மேனின் "வணக்கம் சார்" கூடம் முழுக்கக் கேட்டது.

"யோவ், ஓடு. உள்ள ஓடு. சிட்டுவ சுடாதேன்னு சொல்லு!"

"சார், உள்ள போன் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு நீங்கதான்..."

"ஓடுய்யா!"

செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு இரும்புக் கதவு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவன் சமையலறை வாசலில் யோசிப்பதை நிறுத்திவிட்டு நின்றான். மாமியார் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, காலையில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா! பாப்பா, சுடாதே! செகரட்டரி சார்!"

பிறகு சிட்டுவின் குரல். அழுதழுது மூக்கடைத்த குரல். "என்ன சார்? வண்டி வந்துடுச்சா? ஒண்ணு சுட்டுப் பார்த்துக்கலாம்னு இப்பத்தான் படுத்தேன்."

"தோட்டா போட்டியா?"

"போட்டுட்டேன் சார்."

"வெளிய எடு. எடுத்துட்டேன்னு சொல்லு."

உலோகம் இழுபடுகிற சத்தம். "எடுத்துட்டேன் சார்."

"இப்ப பின்னாலேருந்து கம்பிய விட்டுப் பாரு."

"மாஸ்டர் குடுத்ததுலயா? எதுக்கு சார்?"

"விட்டுப் பாரும்மா."

நேரம் போனது. "நிக்குது சார்," என்றாள் சிட்டு. குரல் சின்னதாகிவிட்டது. "பாதியில நிக்குது. உள்ள ஏதோ இருக்கு."

செகரட்டரி அதைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கைபேசியை அணைத்து, கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள் முன்பக்கம் குனிந்து, நிஜமான வருத்தத்தோடு கேட்டாள்: "அப்ப கள்ளநோட்டு இல்லையா?"

அடுத்து மீசைக்காரர் ஆரம்பித்தார். "போன மாசம் என் துப்பாக்கி லேசா இடப்பக்கம் இழுத்துச்சு. நான் காத்துன்னு நெனச்சேன். இப்பத்தானே தெரியுது." போன மாசம் அவர் கண்ணாடி மாற்றிக்கொண்டதை அவரே மறந்துவிட்டார். அதற்கு முந்தைய மாசம் அதே துப்பாக்கியில் அவர் வாங்கிய கோப்பையும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

செகரட்டரி மருமகளைப் பார்த்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவர், சொன்னால் எதற்கு நன்றி என்ற கேள்வி வரும் என்று தோன்றியதோ என்னவோ, "ம்," என்று மட்டும் சொன்னார். பிறகு காகிதத்தைப் பிரித்து எழுந்து நின்றார். எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்காமல் போக முடியாது. "முப்பது ஆண்டுகளாக நம் கிளப்பின் ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் இருந்த இந்தப் பொற்கரங்..." என்று வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "இந்தப் பெரியவர்," என்று படித்தார். கொஞ்ச தூரம் போய் இன்னொரு இடத்திலும் அப்படியே ஒரு சொல்லைத் தாண்டினார். உரை சீக்கிரம் முடிந்துவிட்டது.

காலையில் வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி நின்று அந்தக் கைகளைத்தான் பார்த்தார்கள். இப்போதும் கைகளைத்தான் பார்த்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்த கைகள், அசையாமல், அவ்வளவு நிதானமாக. அதைப் பார்க்கப் பார்க்க மருமகளுக்கு, அவர் எழுந்து வந்து நாலு பேர் முன்னால் தன்னைத் திட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கும்போது கணவன் அவள் பக்கத்தில் வந்தான்.

"திருப்தியா?" என்றான்.

அவள் வழியை விட்டு நகர்ந்து நின்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியது. கிளப் வாசலைத் தாண்டுகிற நேரம் என்று தோன்றியபோது மருமகள் வாசற்படியிலேயே நின்று காது கொடுத்தாள். அங்கிருந்து சத்தம் கேட்கிற தூரம்தான். ஒன்றும் கேட்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டு அம்மாள் வேறு வழியில்லாமல் எழுந்து, "வரேம்மா," என்று சொல்லக்கூடாது என்று ஞாபகம் வந்து, ஒன்றும் சொல்லாமல் போனாள். போகிற வழியிலேயே இரண்டு வீட்டு வாசலில் அவள் நின்றது தெரிந்தது.

மாமியாருக்கு முழங்கால் வலி. வண்டியோடு போகவில்லை. கூடத்தில் பெட்டி இருந்த இடத்தில் ஈரம் ஒரு நீள்சதுரமாகக் கிடந்தது. அதைத் துடைக்கலாம் என்று மருமகள் குனிந்தாள்.

"அது காஞ்சுக்கும்," என்றாள் மாமியார். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. "பின்னாடி வா."

சுவரைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தாள். பின்கட்டுத் தொட்டியருகே போனதும் ஒரு கையால் விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். மருமகள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று தயாராக இருந்தாள். இரண்டு வருஷம், பூட்டிய கதவு, தின்னாமல் படுத்த மனுஷன், நாலு பேர் முன்னால் போன பெயர்.

"கைய நீட்டு."

நீட்டினாள். மாமியார் அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். நகக்கண்களில் கறுப்பு. ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்தாள்.

"சுடுதண்ணி கூடாது," என்றாள். "சுடுதண்ணில கழுவினா ஈயத்த உடம்பு உள்ள இழுத்துக்கும். பச்சைத் தண்ணிலதான் கழுவணும். சாப்பிடறதுக்கு முன்னாடி, எப்பவும். அவருக்கு நான் சொல்லிச் சொல்லி..."

விரல் விரலாக, நகத்துக்கு அடியில் தன் நகத்தை விட்டுத் தேய்த்தாள். குவளையால் மொண்டு ஊற்றினாள். சாம்பல் நிறத்தில் நுரை வழிந்து ஓடியது. மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக நுரை வெளுத்தது. பிறகு தண்ணீர் தண்ணீராகவே ஓடியது.

"போதும் அத்தை."

மாமியார் குவளையை மறுபடியும் தொட்டிக்குள் முக்கினாள்.